மாட்டு வயிற்றில் ஒரு பூசணம்!

உங்களுக்கு ஒரு கேள்வி. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. ரேஷன் கடையில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கொல்லையில் ஒரு போர் வைக்கோல் இருக்கிறது. ராத்திரி அதைச் சாப்பிட்டுச் சமாளிப்பீர்களா?

சிரிக்காதீர்கள். கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கேட்டால், அரிசிக்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தான் என்பார். அரிசியில் இருப்பது ஸ்டார்ச். வைக்கோலில் நிறைய இருப்பது ஸெல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸ் என்கிற சர்க்கரை மணிகளைக் கோத்துக் கட்டிய மாலைகள். முடிச்சுப் போட்ட விதம் மட்டும் வேறு. ஸ்டார்ச்சின் முடிச்சை அவிழ்க்க நம் எச்சிலிலேயே ஆள் இருக்கிறது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் லேசாக இனிக்கிறதே, அது அந்த ஆளின் கைவரிசை. ஸெல்லுலோஸ் முடிச்சை அவிழ்க்கிற சரக்கை மட்டும் நம் உடம்பு தயாரிப்பதே இல்லை. சர்க்கரை மலை கண்ணெதிரே இருக்க, மனுஷன் பட்டினி கிடக்கலாம். நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்தப் பத்திரிகைகூட முக்கால்வாசி சர்க்கரைதான். தின்று பார்க்க வேண்டாம்.

மாடு தின்று பார்க்கும். தெருமுனையில் சினிமா போஸ்டரை, கதாநாயகன் முகத்திலிருந்து ஆரம்பித்து நிதானமாகக் கிழித்து மெல்லும் மாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பசைக்காக ஒரு வாய், காகிதத்துக்காக ஒரு வாய். இரண்டையும் அது பாலாக்கிவிடும்.

"சரி, மாட்டுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியும் போலிருக்கு" என்பீர்கள். தெரியாது! வேடிக்கையே அதுதான். ஸெல்லுலோஸை உடைக்கிற என்ஸைம் நமக்கு இல்லாதது மாதிரியே மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது. ஆட்டுக்கு இல்லை. எருமைக்கு இல்லை. மாடு செய்த புத்திசாலித்தனம் ஒன்றே ஒன்று. வயிற்றுக்குள் ஒரு பெரிய ஒண்டுக்குடித்தன வீட்டைக் கட்டி, அவிழ்க்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் குடிவைத்துவிட்டது.

அந்த வீட்டுக்கு ரூமென் என்று பெயர். மாட்டின் நான்கு வயிற்று அறைகளில் முதலாவது, எல்லாவற்றிலும் பெரிசு. ஆட்டு 'போட்டி' வாங்கிச் சமைக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் டர்க்கி டவல் மாதிரி சொரசொரவென்று இருக்குமே, அதுதான். வளர்ந்த பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டிரம்மைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே எப்போதும் 39 டிகிரி வெதுவெதுப்பு. மாடு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் எச்சிலுக்கு மேல் சுரந்து உள்ளே அனுப்பி, புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. காற்று? அதாவது ஆக்ஸிஜன்? கிட்டத்தட்ட பூஜ்யம்.

இந்த இருட்டு டிரம்மில் ஒரு மில்லி எடுத்தால் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா. அதற்கப்புறம் புரோட்டோஸோவா என்கிற ஒற்றை ஸெல் பிராணிகள், மில்லிக்கு லட்சக்கணக்கில். குருபி, டெலாஃபோண்ட் என்று இரண்டு பேர் 1843-லேயே இவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிவைத்துவிட்டார்கள். குடித்தனக்காரர்கள் வைக்கோலை நொதிக்கவைத்து, அசெட்டிக் அமிலம் போன்ற சின்னச் சின்ன அமிலங்களை வெளியே விடுகிறார்கள். மாடு அவற்றை அந்த டவல் சுவர் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இந்த 'வாடகை'யிலிருந்துதான் வருகிறது. அத்தோடு விடுவதில்லை. வீடு நிரம்பி வழிகிறபோது குடித்தனக்காரர்களையே அடுத்தடுத்த அறைகளுக்குத் தள்ளி, நான்காவது வயிற்றில் செரித்துப் புரோட்டீன் எடுத்துக்கொள்கிறது. பசுவைச் சுத்த சைவம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இவ்வளவும் ரொம்ப நாளாகத் தெரிந்த கதை. 1970-கள் வரை பாடப் புத்தகங்களில் குடித்தனக்காரர் பட்டியல் இதோடு முடிந்தது. பாக்டீரியா, புரோட்டோஸோவா, அவ்வளவுதான். பூசணத்துக்கு, பூஞ்சைக்காளானுக்கு, அங்கே வேலை இல்லை. ஏனென்றால் காளான் என்றால் ஆக்ஸிஜன் வேண்டும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கிறவரை பூசணம் பிடிக்காது என்று பாட்டிக்குத் தெரிந்தது புரொபசர்களுக்கும் தெரிந்திருந்தது. கள்ளை நுரைக்கவைக்கும் ஈஸ்ட் காற்றில்லாமல் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஆயுசு முழுக்க ஆக்ஸிஜனே படாமல் வாழும் காளான்? அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று தீர்மானமாக நம்பினார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாப்ரஹாம் என்று ஒரு கிராமம். அங்கே பிராணிகளின் உடலியலை ஆராய ஒரு நிலையம். அதில் காலின் ஆர்பின் என்று ஒரு விஞ்ஞானி, செம்மறியாட்டு ரூமெனில் நீந்திக்கொண்டிருந்த ஒரு சின்ன ஜந்துவை ஆராய்ந்துகொண்டிருந்தார். புது ஜந்து ஒன்றும் இல்லை. 1913-லேயே பிராவ்ன் என்பவர் அதைப் பார்த்துப் பேர் வைத்துவிட்டார். ஒரு பக்கத்தில் கொத்தாகச் சாட்டை மாதிரி வால்கள். அதை ஆட்டி ஆட்டி நீந்தும். நீந்துகிறது, வால் இருக்கிறது, ஒற்றை ஸெல். அப்படியானால் புரோட்டோஸோவாதானே? பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அறுபது வருஷம் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1966-ல் ஒரு தடவை பேரை மட்டும் மாற்றினார்கள், நியோகாலிமாஸ்டிக்ஸ் என்று.

ஆர்பின் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. எண்ணினார். ஆட்டுக்குத் தீவனம் வைப்பதற்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று. இங்கேதான் உதைத்தது. தீவனம் வைத்துக் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் எண்ணிக்கை ஜிவ்வென்று பல மடங்கு ஏறியது. பிறகு கொஞ்ச நேரத்தில் சரசரவென்று இறங்கியது. ஆடு அடுத்த வேளை சாப்பிட்டதும் மறுபடி அதே கூத்து.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஸெல் இரண்டாகப் பிளந்து, இரண்டு நாலாகி வம்சம் பெருக நேரம் வேண்டும். கால் மணியில் அத்தனை பிள்ளை பெற முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தில் இலை போட்டவுடன் திமுதிமுவென்று முந்நூறு பேர் பந்திக்கு வந்தால், அவர்கள் அந்த நிமிஷத்தில் பிறந்தவர்கள் இல்லை. எங்கேயோ திண்ணையில், மாடியில் காத்துக்கொண்டிருந்தவர்கள். அதே மாதிரி இந்த நீந்தும் ஜந்துக்களும் எங்கேயோ தயாராக உட்கார்ந்திருந்து, சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பி வருகின்றன. எங்கே?

சக்கையில்!

ரூமென் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் அன்று ஒரு வழக்கம் இருந்தது. வயிற்றிலிருந்து எடுத்ததை முதலில் மஸ்லின் துணியில் வடிகட்டுவார்கள். நம் வீட்டில் புளி கரைத்துச் சக்கையைப் பிழிந்து போடுவது மாதிரி. வடிந்த தண்ணீர் மைக்ராஸ்கோப்புக்கு, நார்ச்சக்கை குப்பைத் தொட்டிக்கு. பூசணம் அந்தச் சக்கையில்தான் வேர்விட்டு உட்கார்ந்திருந்தது. எத்தனையோ வருஷம், எத்தனையோ நாட்டில், நோபல் பரிசு லட்சியத்தோடு இருந்த எத்தனையோ பேர் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பைத் தினமும் காலையில் பிழிந்து தூர எறிந்திருக்கிறார்கள்.

ஆர்பின் 1975-ல் விஷயத்தை வெளியிட்டார். நீங்கள் புரோட்டோஸோவா என்று சொல்கிற நீந்தும் ஜந்து, உண்மையில் ஒரு காளானின் விதை. செடி மாதிரி நிற்கும் மூத்த ரூபம் நாரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். லேசில் ஒப்புக்கொள்வார்களா? ஆக்ஸிஜன் இல்லாத காளானா, போய்யா என்கிற மாதிரிதான் இருந்தது வரவேற்பு. 1977-ல் அவர் அதன் ஸெல் சுவரைச் சோதித்து, அதில் கைட்டின் இருக்கிறது என்று காட்டினார். கைட்டின் என்பது இறால் ஓட்டிலும் கரப்பான்பூச்சி ஓட்டிலும் இருக்கிற சரக்கு. காளான்களின் சுவரும் அதனால் ஆனதுதான். அதற்குமேல் பேச்சில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1979-ல், நியூஸிலாந்தில் பௌசாப் என்பவர் நார் அதிகமுள்ள தீவனம் தின்ற ஆடு மாடுகளின் ரூமெனிலிருந்து சக்கையை எடுத்துப் பார்த்தார். அதன்மேல் பூசணம் அப்பிக் கிடந்தது.

இந்தக் காளானின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஒரு த்ரில்லர் கதை மாதிரி இருக்கிறது. மாடு தீவனத்தை வாயில் வைத்துக் கடித்து விழுங்குகிறது. செடி கொடிகளில் ஹீம் என்ற பொருள் கொஞ்சம் உண்டு. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிறதே, அதே ஜாதிப் பொருள். அது ரூமெனில் கரைந்ததும் பழைய சக்கையில் குந்தியிருக்கும் காளான் பைகளுக்குச் சிக்னல். பை வெடிக்கிறது. வால் முளைத்த விதைகள் வெளியே பாய்கின்றன. புது வைக்கோலில் கடிபட்ட இடத்திலிருந்து லேசாகச் சர்க்கரை கசியும் அல்லவா, அந்த வாசனை பிடித்து நீந்திப் போகின்றன. போய் ஒட்டிக்கொண்டதும் முதல் காரியமாக வாலை உதறிவிடுகின்றன. இனி ஊர் சுற்றுகிற உத்தேசம் இல்லை. ஒரு கூடு கட்டிக்கொண்டு, வேர் விட ஆரம்பிக்கின்றன.

அந்த வேர்தான் விஷயம்.

கோயில் கோபுரத்தில் ஒரு காக்கா எச்சத்திலிருந்து அரசஞ்செடி முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை குட்டிச் செடி! அதன் வேர் கல்லின் சந்தில் நுழைந்து, பருத்து, நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கல்லைப் பெயர்த்துவிடும். பூசணம் வைக்கோலில் செய்வது அதேதான். பாக்டீரியாவுக்கு வேர் கிடையாது. அது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அரித்துத் தின்னும். வைக்கோலிலோ லிக்னின் என்று ஒரு சமாசாரம் ஸெல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நெல் வைக்கோலில் போதாக்குறைக்கு மணல் ஜாதியான சிலிகா வேறு. பாக்டீரியா அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். காளான் வேர் முண்டித் துளைத்து உள்ளே போகிறது. காற்றில்லாத இடத்தில் லிக்னினைச் செரிக்க அதனாலும் முடியாதுதான். ஆனால் லிக்னினையும் மற்ற நாரையும் பிணைக்கிற கொக்கிகளை வெட்டிவிடும். சுவர் இளகி விரிகிறது. பின்னாலேயே பாக்டீரியாக் கூட்டம் நுழைகிறது. விறகு பிளக்கிறவர் முதலில் ஆப்பு வைத்து அடிப்பாரே, அந்த ஆப்புதான் பூசணம். அப்புறம் கோடாலி எல்லாம் பாக்டீரியா.

கிட்டத்தட்ட ஒரு நாள், ஒன்றேகால் நாளில் இந்தச் சுற்று முடிந்து, புதுப் பை தயார்.

என்ஸைம் விஷயத்தில் இந்தப் பூசணம் ஒரு பேராசைக்காரன். அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் ஒரு குழு 2013-லும், கலிஃபோர்னியாவில் மிஷல் ஓமாலியின் குழு 2016, 2017-லும் இதன் மரபணுக்களைப் படித்து வெளியிட்டார்கள். நாரை உடைக்கிற என்ஸைம்களுக்கான ஜீன்கள் அதில் குவிந்து கிடந்தன. பல என்ஸைம்களை ஒரே மேடையில் வரிசையாகக் கோத்து, ஸ்விஸ் கத்தி மாதிரி ஒரு கூட்டு ஆயுதமும் வைத்திருக்கிறது. இதில் ஒரு ரகசியம். இந்த ஜீன்களில் பல, பக்கத்து வீட்டு பாக்டீரியாவுடையவை! என்றோ ஒரு காலத்தில் இரவல் வாங்கியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இரவல் போன உரலும் அம்மியும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா என்ன?

ஆக்ஸிஜன் இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது? நம் ஸெல்களில் ஆக்ஸிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு இருக்கிறது. இந்தக் காளான் அந்த இடத்தில் வேறொரு அடுப்பு வைத்திருக்கிறது. அதிலிருந்து புகைக்குப் பதில் ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்திலேயே மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனுக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. முடிவில் மாடு ஒரு பெரிய ஏப்பம் விடுகிறது. பசு ஒரு நாளில் வெளியே விடுகிற மீத்தேன் நூற்றுக்கணக்கான லிட்டர். பெரும்பாலும் வாய் வழியாகத்தான். பலரும் நினைத்துச் சிரிக்கிற வழியாக இல்லை. பூமி சூடாவதற்கு மாட்டையும் கூண்டில் ஏற்றுகிறார்களே, அந்தக் கேஸில் நம் பூசணமும் உடந்தை என்பதை மறைக்க விரும்பவில்லை.

'எல்லாம் சரி, மில்லிக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும் இடத்தில் இந்த நீந்தும் விதைகள் சில ஆயிரம்தான். இது இல்லாவிட்டால் மாடு என்ன, செத்தா போய்விடும்?' நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் அதே சந்தேகம் வந்தது. ஆஸ்திரேலியாவில் கார்டன், ஃபிலிப்ஸ் என்ற இருவர் செம்மறியாடுகளின் ரூமெனிலிருந்து காளானை மட்டும் மருந்து கொடுத்து ஒழித்துவிட்டுப் பார்த்தார்கள். 1993-ல் முடிவை எழுதினார்கள். ஆடுகள் சாகவில்லை. ஆனால் மட்டமான நார்த்தீவனத்தைத் தின்னும் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இது ஏன் முக்கியம் என்றால், நாம் எல்லோரும் செரிமானம் என்றால் உள்ளே போனதில் எவ்வளவு செரித்தது என்றுதான் கணக்குப் போடுகிறோம். அசை போடும் பிராணிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ரூமெனிலிருந்து வெளியே போகும் வாசல் குறுகல். வைக்கோல் துண்டு நன்றாகப் பொடிந்தால்தான் அதைத் தாண்ட முடியும். பொடியாவதற்கு ஒரு பக்கம் பல். மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிறது. இன்னொரு பக்கம் பூசணம் வேர்விட்டு நாரைத் தளர்த்த வேண்டும். தளரவில்லை என்றால் பஸ் நிறைய ஆள், இறங்க வழியில்லை, புதுசாக யாரும் ஏற முடியாது. வயிறு ரொம்பியிருக்கும், உடம்பு காய்ந்துபோகும். வெயில் காலத்தில் வெறும் வைக்கோலைப் போட்டு, முன்னால் குவியல் அப்படியே கிடக்க, மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து "திமிர் பிடிச்ச மாடு" என்று திட்டுகிறவர்கள் உண்டு. திமிர் இல்லை ஐயா. உள்ளே இடமில்லை.

பூசணத்துக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று தெரிந்தால் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு லாபம். 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆராய்ச்சியில், கந்தக உரம் போட்டு வளர்த்த புல்லைத் தின்ற ஆடுகளின் ரூமெனில் காளான் ஏராளம். கந்தகம் பற்றாத புல்லைத் தின்றவற்றில் அபூர்வம். ஒரு சிட்டிகைச் சத்து போதாததால் ஆப்பே இல்லாமல் போய்விட்டது! தாது உப்புக் கலவையைத் தினமும் தீவனத்தில் சேருங்கள் என்று கால்நடை டாக்டர்கள் கரடியாகக் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிக்காதது, திடீர் விருந்து. நார் குறைந்து, அரிசி, கம்பு, சோளம் என்று தானியம் மட்டும் அதிகமானால் ரூமெனில் வேறு ஜாதி பாக்டீரியா கை ஓங்கி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். புளிப்பு ஏறும். நார் பிளக்கிற கோஷ்டி முழுவதும், பூசணம் உள்பட, சுருண்டுவிடும். நம் ஊரில் இதற்குத் தேதியே குறித்துவைத்திருக்கிறோம். மாட்டுப் பொங்கல்! கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, வருஷம் பூரா வைக்கோல் தின்ற மாட்டுக்குப் பாசம் பொங்கி, அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தட்டு. மறுநாள் காலை மாடு எழுந்திருக்காது. வயிறு உப்பி, அசை போடாமல் படுத்திருக்கும்.

ஒரு கால்நடை டாக்டர் என்னிடம் சொன்னது: "தை மாசம் மூணாந் தேதி எனக்கு லீவே கிடையாது சார். 'என்ன குடுத்தீங்கம்மா?'ன்னு கேட்டா, 'ஒண்ணும் குடுக்கலீங்க, பொங்கல்தான் குடுத்தோம்'பாங்க!"

முற்றினால் பிழைப்பது கஷ்டம். இப்படிப்பட்ட கேஸ்களில் டாக்டர்கள் செய்கிற ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் ரூமென் நீரை எடுத்து, நோயாளி மாட்டுக்குள் குழாய் வழியாக ஊற்றுவது. காலியான வீட்டில் புதுக் குடித்தனம் ஏற்றுகிறார்கள்! கேட்க அருவருப்பாக இருக்கலாம். மாடு ஒன்றும் சொல்வதில்லை.

வைக்கோலைத் தளர்த்தி பூசணத்துக்கு வேலையைச் சுலபமாக்கும் வழியும் இருக்கிறது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா என்ற கணக்கில் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்பாலின் போட்டு மூன்று வாரம் மூடி வைப்பார்கள். உள்ளே கிளம்பும் அம்மோனியா நாரை ஊறவைத்துப் பிரிக்கிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனும் கிடைக்கிறது. ஆனால் யூரியாவை அப்படியே மாடு நக்கிவிட்டால் விஷம். கன்றுக்குட்டிகளுக்கு இந்த வைக்கோலே கூடாது. ஆகவே பத்திரிகையில் படித்தேன் என்று நாளைக் காலை மூட்டையைப் பிரிக்க வேண்டாம். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"இவ்வளவு பண்றதுக்கு, அந்தக் காளானையே வளர்த்து மாட்டுக்குக் குடுத்துட்டா என்ன?" என்று அந்த டாக்டரிடம் கேட்டேன்.

"குடுத்துப் பார்த்திருக்காங்க சார்" என்றார்.

உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் இஸத்நகர். அங்கே இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் தேடிப் போனது நீல்காய் என்ற காட்டுப் பிராணியை. குதிரைக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு சைஸில் இருக்கும் மான் ஜாதி. வடக்கத்தி விவசாயிகளுக்கு அதன் பேரைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டமாக வந்து வயலை மேய்ந்துவிட்டுப் போய்விடும். காட்டில் முரட்டுச் செடியெல்லாம் தின்று வளரும் இந்தத் திருடன் வயிற்றில் நல்ல பூசணம் இருக்காதா என்று யோசித்தார்கள். இருந்தது. அதைப் பிரித்து வளர்த்து, கோதுமை வைக்கோல் தின்கிற எருமைகளுக்குக் கொடுத்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. எருமைகள் நாரைச் செரிக்கும் அளவு கண்கூடாக உயர்ந்தது. பயிரைத் தின்ற பிராணியிடமிருந்து பால்கார எருமைக்கு நஷ்ட ஈடு வாங்கிய ஒரே கேஸ் இதுவாகத்தான் இருக்கும்.

"அப்புறம் என்ன? பாட்டில்ல அடைச்சு விக்க வேண்டியதுதானே?"

"அங்கதான் சார் தகராறு. மூடியைத் திறந்தா காத்து. காத்து பட்டா காளான் காலி. லேபில வளர்க்கிறதே பெரும்பாடு. சில நாளைக்கு ஒரு தடவை புது சாப்பாட்டுக்கு மாத்திக்கிட்டே இருக்கணும். மறந்துட்டு ஊருக்குப் போனா, திரும்பி வர்றப்ப கருமாதிதான். உள்ள போனாலும், ஏற்கெனவே குடியிருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? புதுசா வந்தவனை ஒதுக்கிடுவாங்க. திரும்பத் திரும்பக் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

அதனால் ஒரு எச்சரிக்கை. தீவனக் கடையில் 'ஈஸ்ட்' என்று பாக்கெட் கிடைக்கும். அதற்கு உபயோகம் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ரொட்டி உப்பவைக்கிற ஈஸ்ட்டின் குடும்பம். நாம் பேசிக்கொண்டிருக்கும் வேர்விடும் பூசணம் அல்ல. இரண்டும் காளான்தானே என்று கடைக்காரர் சொன்னால், நண்டும் கரப்பானும்கூட ஓடு உள்ள பிராணிகள்தானே என்று கேளுங்கள்.

பேர் வைக்கிற விஷயத்தில் இந்தத் துறைக்காரர்கள் ரொம்ப ஜாலியான ஆட்கள். ஆர்பின் நினைவாக ஒரு காளானுக்கு ஆர்பினோமைஸஸ் என்று 1989-ல் பேர் வைத்தார்கள். ஒரு மனுஷருக்கு மாட்டு வயிற்றில் சிலை வைத்த மாதிரி. வேல்ஸ் நாட்டில் ஒன்றுக்கு 'பெரிய மாடு' என்று அர்த்தம் வருகிற வேல்ஷ் பேர். நம் நாட்டு ஒட்டகத்திடமிருந்து எடுத்த காளானுக்கு 2015-ல் ஊன்டோமைஸஸ். 'ஊன்ட்' என்றால் ஹிந்தியில் ஒட்டகம். இந்த வேகத்தில் போனால் தமிழ்நாட்டில் யாராவது எருமையோமைஸஸ் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மாடு, ஆடு, ஒட்டகத்தோடு முடியவில்லை. அசை போடாத குதிரைக்கும் யானைக்கும் பின்குடலில் இந்தப் பூசணம் உண்டு. ஹாலந்தில் ஒரு இந்திய யானையின் லத்தியிலிருந்து பைரோமைஸஸ் என்ற ஜாதியைப் பிரித்து எடுத்தார்கள். வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை ஆல்கஹாலாக மாற்றி எரிபொருளாக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆசை. ஆனால் நாரில் குளுக்கோஸ் மட்டும் இல்லை. ஸைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கிறது. அதைச் சாதா ஈஸ்ட் தொடாது. அந்த யானைப் பூசணத்திடம் ஸைலோஸை ஈஸ்ட்டுக்குப் பிடித்த ரூபத்தில் மாற்றித் தரும் ஒரு ஜீன் இருந்தது. 2003-ல் டெல்ஃப்ட் நகர விஞ்ஞானிகள் அதை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். மெதுவாகத்தான், ஆனால் ஈஸ்ட் ஸைலோஸில் வளர ஆரம்பித்துவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், லத்தி போட்டாலும் ஆயிரம் பொன்.

ஒன்று பாக்கி. பிறந்த கன்றின் வயிற்றில் இந்தப் பூசணம் கிடையாது. முதலில் அங்கே எவருமே கிடையாது. காற்றுப் பட்டாலே காலியாகிற பேர்வழி ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்கு எப்படிப் போகிறான்? செம்மறிக்குட்டிகளைச் சோதித்துப் பார்த்ததில், பிறந்து பத்து நாளுக்குள், புல்லை ஒழுங்காகக் கடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே, காளான் உள்ளே வந்துவிட்டிருந்தது. அசை போட்ட வாயோடு தாய் குட்டியை நக்குகிறது. எச்சிலோடு அது வந்துசேர்கிறது. காய்ந்த சாணத்திலும் அது மாதக்கணக்கில் ஏதோ ஒரு உறக்கத்தில் உயிரோடு கிடக்கிறது. தொழுவத்தில் கன்று தரையை முகர்ந்து, கண்டதையும் வாயில் வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் தொற்றிக்கொள்கிறது.

பால் கணக்குப் பார்த்து, பிறந்த அன்றே கன்றைத் தனியாகப் பிரித்து, பளபளவென்று கழுவிய சிமெண்ட் தரையில், புட்டியில் பால் கொடுத்து வளர்க்கிற பண்ணைகள் இப்போது நிறைய. நோய் நொடி அண்டாது என்பது உண்மைதான். அந்தக் கன்றுக்கு ஆப்பை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு பெரிய மாடும் இல்லை. சில பண்ணைக்காரர்கள் இதற்கென்றே வயதான பசு ஒன்றைக் கன்றுகளோடு சும்மா கட்டிவைக்கிறார்கள். அது பால் கறக்காது, உழாது. கன்றுகளை நக்கிக்கொண்டு படுத்திருக்கும்.